ஸ்டாக் காரும் மாட் காரும்: மைலேஜ் ஒப்பிடுறதுல அடிக்கடி வர்ற கேள்விகள்

கம்பெனி கொடுத்தபடியே இருந்தா ஸ்டாக், எதையாச்சும் மாத்தினா மாட். அப்படி மாத்தினவங்க எல்லாரும் கடைசியா வந்து நிக்கிற இடம் மைலேஜ்தான். ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரோட ப்ரோக்ராம மாத்துறது) பண்ணேன் ரெண்டு கூடிருச்சு, டயர் மாத்தினேன் ரெண்டு போச்சு, இப்படி. ஒரே சந்தேகத்த வேற வேற ஆளுங்க கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதான் மொத்தமா இங்க. கேள்விய கேட்டவங்க வார்த்தையிலயே விட்டுட்டேன். பெட்ரோல், டீசல், சிஎன்ஜி மட்டும்தான், ஹைப்ரிட் கதை வேற.

அண்ணா, கம்பெனி 22ன்னு சொன்னான், எனக்கு 15தான் வருது. நான் எதுவுமே மாத்தல, ஃபுல் ஸ்டாக். வண்டில கோளாறா?

கோளாறு இல்ல. அந்த 22 ரோட்ல ஓட்டி எடுத்த நம்பரே கிடையாது. லேப்ல உருளை மேல வண்டிய நிறுத்தி, எம்ஐடிசின்னு ஒரு ஓட்டுமுறை இருக்கு, அதுபடி ஓட்டி எடுக்குறது. அதிகபட்ச வேகமே மணிக்கு 90 கிமீ, அதுவும் கொஞ்ச நேரம்தான், மொத்த டெஸ்ட்டும் ஏறக்குறைய 20 நிமிஷத்துல முடிஞ்சிடும். ஏசி ஆஃப். எதிர்காத்து இல்ல, மேடு பள்ளம் இல்ல, கிண்டி சிக்னல் இல்ல.

அந்த நம்பர் இந்த மாடலுக்கும் அந்த மாடலுக்கும் ஒப்பிட்டுப் பாக்க உதவும், அவ்வளவுதான். "ஸ்டாக்ல 22, மாட் பண்ணதும் 15"னு யாராச்சும் சொன்னா அவர் லேபையும் ரோட்டையும் ஒப்பிடுறார். உங்க ஸ்டாக் மைலேஜ்ங்கறது மாத்துறதுக்கு முன்னாடி உங்க ரோட்ல உங்க கால் மிதிச்சு வந்த நம்பர். அத எழுதி வெக்காம மாட் பண்ணிட்டா பின்னாடி ஒப்பிட ஒண்ணுமே இருக்காது.

அப்ப மைலேஜ சரியா எப்படித்தான் பாக்குறது? மீட்டர்ல காட்டுறது போதாதா?

டேங்க் ஃபுல் டு டேங்க் ஃபுல்தான். பங்க்ல நாசில் தானா கட் ஆனதும் நிறுத்திடணும், "ரவுண்டா போட்டுருப்பா"ன்னு மேல ஊத்தக்கூடாது. ட்ரிப் மீட்டர் ஜீரோ. ஓட்டுங்க, அதே பங்க், முடிஞ்சா அதே நாசில், வண்டி அதே சாய்வுல நிக்கணும், மறுபடி ஆட்டோ கட். ஓடின கிமீய இப்ப ஊத்தின லிட்டரால வகுத்தா முடிஞ்சுது.

இதுல முக்கியமானது எவ்ளோ ஓட்டிட்டு ரொப்புறீங்கங்கறது. ஆட்டோ கட் ஒரு தடவ சீக்கிரம் விழும் ஒரு தடவ லேட்டா விழும், ஒரு லிட்டர் முன்ன பின்ன ஆகும்னு வெச்சுக்கோங்க, 10 லிட்டர் ஊத்தினா அது 10 சதவீத பிழை, 35 லிட்டர் ஊத்தினா 3 சதவீதத்துக்குள்ள. அதனால 100 கிமீ ஓட்டிட்டு ரொப்பிப் பாக்குறதெல்லாம் வேஸ்ட். பங்க் மேல சந்தேகம்னா 5 லிட்டர் அளவு கேன்ல ஊத்திக் காட்டச் சொல்லலாம், அது கஸ்டமர் உரிமை, மறுக்கக்கூடாது.

மீட்டர்ல காட்டுறது ஈசியூ, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர், போடுற கணக்கு, பெட்ரோல யாரும் உள்ள அளந்து பாக்குறதில்ல. பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாவே காட்டும். ஸ்டாக் வண்டில இன்னைக்கும் நாளைக்கும் ஒப்பிட ஓகே. மாட் பண்ணப்புறம் அத நம்பக்கூடாது, ஏன்னு ரீமேப் கேள்விக்கு அடுத்ததுல வருது.

ப்ரோ எத்தன டேங்க் பாக்கணும், ஒரு தடவ பாத்தா பத்தாதா

பத்தாது ப்ரோ. எதுவுமே மாத்தாம அஞ்சாறு டேங்க் எழுதிப் பாருங்க, 14.1, 15.3, 14.6ன்னு ஆடிட்டே இருக்கும். டிராஃபிக், ஏசி, ஆள் எண்ணிக்கை, மழைன்னு ஆயிரம் காரணம். வண்டி சும்மாவே ஒரு கிமீ ஆடுதுன்னா மாட் பண்ணதும் அரை கிமீ கூடிருச்சுங்கறதுக்கு என்ன அர்த்தம்? ஒண்ணும் இல்ல. முதல்ல ஸ்டாக்ல எவ்ளோ ஆடுதுன்னு தெரிஞ்சுக்கணும், அந்த ஆட்டத்த தாண்டி வர்ற வித்தியாசம்தான் மாட்டோடது. ஆட்டம் கம்மியா இருந்தா கம்மி டேங்க் போதும், டவுனுக்குள்ளயே ஓட்டுற ஆளுக்கு நெறைய வேணும்.

கிமீ பர் லிட்டர்னு சொன்னா புரியுது, நீங்க எதுக்கு 100 கிமீக்கு இத்தன லிட்டர்னு மாத்தி மாத்தி சொல்றீங்க?

ஏன்னா பர்ஸ்ல இருந்து போறது லிட்டர், கிலோமீட்டர் இல்ல. ஒருத்தர் எஸ்யூவி 10ல இருந்து 12 ஆச்சு, இன்னொருத்தர் சின்ன கார் 20ல இருந்து 24 ஆச்சு. கேக்கும்போது சின்ன கார்க்காரர் ஜெயிச்ச மாதிரி இருக்கும். 100 கிமீக்கு பாருங்க, எஸ்யூவி 10 லிட்டர்ல இருந்து 8.3, மிச்சம் 1.7 லிட்டர். சின்ன கார் 5ல இருந்து 4.2, மிச்சம் 0.8 லிட்டர். பாதிதான். இந்த கண்கட்டு பத்தி 2008ல லாரிக், சோல்னு ரெண்டு பேர் சயின்ஸ் பத்திரிகைலயே எழுதினாங்க. ஐரோப்பால எல்லாம் 100 கிமீக்கு லிட்டர்லதான் பேசுவாங்க.

இன்னொரு விஷயம், பல டேங்க் சராசரி எடுக்கும்போது 14, 16, 15ன்னு மைலேஜ கூட்டி வகுக்காதீங்க. மொத்த கிமீ, மொத்த லிட்டர், ரெண்டையும் கூட்டிட்டு அப்புறம் வகுங்க.

சென்னைல இருந்து பெங்களூர் போறப்ப 16.5 வந்துச்சு, அங்க ஏர் ஃபில்டர் மாத்திட்டு திரும்பி வந்தேன் 18 வந்துச்சு. ஃபில்டர்னாலதானே?

இது எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி. சென்னை கடல் மட்டம், பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்துல இருக்கு. ஆளோட சேத்து 1,100 கிலோ வண்டிய 900 மீட்டர் மேல தூக்க கிட்டத்தட்ட 9.7 மெகாஜூல் வேணும். பெட்ரோல் ஒரு லிட்டர்ல சுமார் 32 மெகாஜூல் இருக்கு, ஆனா எஞ்சின் அதுல 30 சதவீதத்தத்தான் வேலையா மாத்தும்னு வெச்சா, தூக்குறதுக்கு மட்டுமே முழுசா ஒரு லிட்டர் போச்சு. வாணியம்பாடி, கிருஷ்ணகிரி தாண்டி ஓசூர் வரைக்கும் ஏறிட்டே போறோம்ல, அது இதுதான். வர்றப்ப அதுல பெரும்பகுதி திரும்ப கிடைக்குது.

350 கிமீக்கு உங்க கணக்குப்படி போறப்ப 21.2 லிட்டர், வர்றப்ப 19.4. வித்தியாசம் 1.8 லிட்டர். மேடு பள்ளம் மட்டுமே இத முழுங்கிடும், பாவம் ஃபில்டருக்கு பங்கு போட ஒண்ணும் மிச்சமில்ல. போறதும் வர்றதும் சேத்து ஒரே கணக்கா பாருங்க, ஒரு பக்கத்த வெச்சு முடிவு பண்ணாதீங்க. கோயம்புத்தூர்ல இருந்து ஊட்டி போயிட்டு வர்றவங்களுக்கு இத சொல்லவே வேண்டியதில்ல.

அப்ப பெர்ஃபார்மன்ஸ் ஃபில்டர், ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் போட்டா மைலேஜ் கூடவே கூடாதா?

பெட்ரோல் கார்ல கூடாதுன்னே வெச்சுக்கோங்க. 80ல சும்மா போயிட்டு இருக்கும்போது த்ராட்டில், அதாவது எஞ்சினுக்குள்ள காத்த விடுற கதவு, முக்காவாசி மூடித்தான் இருக்கும். வீட்டு வாசக்கதவ ஒருக்களிச்சு வெச்சுட்டு வெளி கேட்ட மட்டும் அகலமாக்கினா காத்து கூட வருமா? அதேதான். ஃபுல்லா மிதிக்கும்போதுதான் ஃபில்டரோட தடை தெரியும், அப்ப மைலேஜ் பத்தி யாரும் யோசிக்கிறதில்ல. 2009ல அமெரிக்கால ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்துல அடைச்சுப்போன ஃபில்டரையே மாட்டி டெஸ்ட் பண்ணாங்க, ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டில மைலேஜ் பெருசா மாறவே இல்ல, பிக்கப்தான் கொறஞ்சுது. அடைச்ச ஃபில்டரே மைலேஜ கொறைக்கலன்னா புது ஃபில்டர் எப்படி கூட்டும்? கார்புரேட்டர் காலத்து வண்டிக்கு மட்டும் இது பொருந்தாது.

ஃப்ரீ ஃப்ளோ, அதாவது புகைய தடையில்லாம வெளிய விடுற சைலன்சர், போட்டா சத்தம் நல்லாருக்கும். சத்தம் நல்லாருந்தா கால் சும்மா இருக்காது. மைலேஜ் கொறைய அதுவே போதும்.

அலாய் போட்டு டயர் அப்சைஸ் பண்ணதும் 2 கிமீ கொறஞ்சிருச்சுங்க. கடைக்காரர் கொறையாதுன்னு சொன்னாருங்களே?

கொறைஞ்சிருக்கும், ஆனா நீங்க நெனைக்கிற அளவு இல்லைங்க. உங்க ஓடோமீட்டர் சக்கரம் எத்தன சுத்து சுத்துச்சுன்னுதான் எண்ணுது, ஒரு சுத்துக்கு எவ்ளோ தூரம்ங்கறத ஃபேக்டரிலயே பூட்டி வெச்சுட்டாங்க. 185/65 ஆர்15 டயரோட விட்டம் 621.5 மிமீ. நீங்க போட்டது 205/65 ஆர்15, அது 647.5 மிமீ. 4.2 சதவீதம் பெருசு. மீட்டர்ல 500 காட்டினா உண்மைல 521 ஓடிருக்கீங்க. 35 லிட்டர் ஊத்தினா மீட்டர் கணக்குல 14.3, நிஜத்துல 14.9. அரை கிமீக்கு மேல மீட்டராலயே போன மாதிரி தெரியுது.

மிச்சம் இருக்குறது நிஜமான நஷ்டம். அகலமான டயர் காத்தயும் கூட தடுக்கும், உருள்ற தடையும் கூடும், அலாய் சைஸ் பெருசானா வெயிட்டும் பெரும்பாலும் கூடும், டவுன்ல நின்னு நின்னு கிளம்பும்போது அந்த வெயிட்ட சுத்தவே எரிபொருள் வேணும். இதுல அடிக்கடி மறக்குறது ட்ரெட், டயர் மேல இருக்குற வரி. பழைய டயர் தேஞ்சிருக்கும், தேஞ்ச டயர் ஈஸியா உருளும், புது டயர் ஸ்டாக் சைஸ்லயே போட்டாக்கூட மைலேஜ் கொஞ்சம் கொறையும். அதனால தேஞ்ச ஸ்டாக்கையும் புது அப்சைஸையும் ஒப்பிடுறது நியாயமில்ல. காத்தும் பாத்துக்கோங்க, நாலு டயர்லயும் ஒரு பிஎஸ்ஐ கொறஞ்சா 0.2 சதவீதம் போகும்னு அமெரிக்க அரசோட ஃபியூல் எகானமி தளத்துல போட்டிருக்கு. சின்னதுதான், ஆனா 10 பிஎஸ்ஐ கம்மியா ஓட்டுற ஆளுங்களும் இருக்காங்க.

சைஸ் மாத்தியே ஆகணும்னா விட்டம் மாறாத மாதிரி பாருங்க. 195/55 ஆர்16 போட்டா 620.9 மிமீ, ஸ்டாக்குக்கு நேர். ஓடோ மேல சந்தேகம்னா ஹைவேல ஜிபிஎஸ் வெச்சு 50 கிமீ ஓட்டி சரிபாருங்க. ஸ்பீடோமீட்டர வெச்சு பாக்காதீங்க, அது வேணும்னே கூடுதலாத்தான் காட்டும், கம்மியா காட்டக்கூடாதுன்னு விதியே இருக்கு.

டீசல்ல ஸ்டேஜ் 1 ரீமேப் பண்ணா பவரும் கூடும் மைலேஜும் கூடும்ங்கறாங்க. ரெண்டும் எப்படி சார் ஒண்ணா கூடும்?

கூட வாய்ப்பிருக்கு சார், இத மொத்தமா பொய்னு சொல்ல மாட்டேன். ஸ்டேஜ் 1னா பார்ட்ஸ் எதையும் மாத்தாம ப்ரோக்ராம மட்டும் மாத்துறது. ஃபேக்டரி மேப்ல, அதாவது கம்பெனி போட்ட ப்ரோக்ராம்ல, மைலேஜ் மட்டுமே குறிக்கோள் இல்ல, புகைல வர்ற நைட்ரஜன் ஆக்ஸைட கொறைக்கணும்னு இன்ஜெக்ஷன் டைமிங்க கொஞ்சம் தள்ளி வெப்பாங்க, ஈஜிஆர் வழியா எரிஞ்ச புகைய திரும்ப உள்ள விடுவாங்க. அத தளர்த்தினா எஞ்சின் கொஞ்சம் சிக்கனமாகும், ஆனா புகைல விஷம் கூடும். 2015ல ஃபோக்ஸ்வாகன் டீசல் விவகாரம் வெடிச்சுதே, டெஸ்ட்ல ஒரு மாதிரி ரோட்ல ஒரு மாதிரின்னு, அதுக்கு அடியில இருந்ததும் இதே இழுபறிதான்.

ரெண்டாவது காரணம் ஓட்டுற முறை. பழைய 1.3 டீசல் ஸ்விஃப்ட், டிசையர் வெச்சிருந்தவங்களுக்கு தெரியும், 2,000 ஆர்பிஎம் வரைக்கும் வண்டி தூங்கும், அப்புறம்தான் டர்போ எழுந்திரிக்கும். ரீமேப் பண்ணதும் கீழயே இழுக்குது, அதனால சீக்கிரம் மேல கியருக்கு போயிடுறோம், மைலேஜ் கூடுது. இது நிஜமான லாபம், ஆனா நிதானமா ஓட்டுறவங்களுக்குத்தான். புது பவர தினமும் அனுபவிச்சா கூடின எல்லாம் டர்போவுக்கே போயிடும்.

ரீமேப் பண்ண அன்னைக்கே டிஸ்ப்ளேல 19ல இருந்து 23 ஆச்சு. கண்ணால பாத்தத இல்லன்னு சொல்றீங்களா?

பாத்தது நிஜம், நம்பர்தான் நிஜமில்ல. டிஸ்ப்ளே எப்படி கணக்கு போடுது? ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்கு வர்ற டீசலோட அழுத்தம்) இவ்ளோ, டீசல உள்ள தெளிக்கிற இன்ஜெக்டர் இவ்ளோ நேரம் தெறந்துச்சு, அப்ப இவ்ளோ டீசல் போயிருக்கும்னு ஈசியூ நெனைக்குது. டியூனர், அதாவது ரீமேப் பண்ணிக் கொடுக்குறவர், அந்த நேரத்தையோ பிரஷர் கணக்கையோ மாத்திட்டு ஈசியூவுக்கு பழைய கணக்கையே விட்டுவெச்சா, போறது 5 லிட்டர், அது நெனைக்கிறது 4 லிட்டர். தனியா மாட்டுற டியூனிங் பாக்ஸ்ல பலது இன்னும் மோசம், ரெயில் பிரஷர் சென்சார் வயர்ல உக்காந்துட்டு ஈசியூகிட்ட கம்மி பிரஷர்னு பொய் சொல்றதுதான் அதோட வேலையே. பொய்ய நம்பின ஈசியூ உங்களுக்கும் பொய்தான் காட்டும்.

அதனால ரீமேப்புக்கு முன்னாடியும் பின்னாடியும் டேங்க் ஃபுல் கணக்கு மட்டும்தான். முன்னாடியே டிஸ்ப்ளே எவ்ளோ தள்ளிக் காட்டுதுன்னு குறிச்சு வெச்சிருந்தா இன்னும் நல்லது, ரீமேப்புக்கு அப்புறம் அந்த தள்ளல் திடீர்னு பெருசானா என்ன நடந்துச்சுன்னு புரிஞ்சிடும்.

பெட்ரோல் காருக்கு ரீமேப், பெடல் பாக்ஸ்?

டர்போ இல்லாத பெட்ரோல்ல மைலேஜுக்காக ரீமேப் பண்ணாதீங்க. சாதாரணமா போறப்ப ஆக்ஸிஜன் சென்சார் பாத்துட்டு காத்து-பெட்ரோல் விகிதத்த 14.7க்கு 1ன்னு ஈசியூவே புடிச்சு வெச்சிருக்கும் (ஈ20க்கு, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அது கொஞ்சம் மாறும்), டியூனர் அதுல விளையாட இடம் கம்மி. பெடல் பாக்ஸ் எஞ்சினையே தொடுறதில்ல, நீங்க கால்வாசி மிதிச்சா பாதி மிதிச்சேன்னு சொல்லும், அவ்வளவுதான்.

ஈஜிஆர அடைச்சு டிபிஎஃப எடுத்துட்டா மைலேஜ் கூடுமாமே, எடுக்கலாமா?

கூடலாம். டிபிஎஃப்ங்கறது டீசல் புகைல இருக்குற கரிய புடிச்சு வெக்கிற வடிகட்டி, அதுல சேர்ற கரிய எரிக்க வண்டி அப்பப்ப கூடுதல் டீசல் ஊத்தும், அது மிச்சமாகும். ஆனா எடுக்காதீங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததே இந்த கரிய வெளிய விடாம இருக்கத்தான், பின்னாடி வர்ற ஸ்கூட்டர்க்காரர் மூஞ்சில அடிச்சு மிச்சம் புடிக்கிற மைலேஜ் எதுக்கு? சட்டப்படியும் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு குறுக்க வரும், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில உச்சநீதிமன்றமும் சொல்லிடுச்சு. வாரன்டி, இன்சூரன்ஸ் க்ளெய்ம்ல தகராறு வர்றது தனி.

2022ல ஸ்டாக்ல 16 வந்துச்சு, இப்ப மாட் பண்ணப்புறம் 15. ஃப்ரெண்டு ஈ20னாலங்கறான், எது நிஜம்?

ரெண்டும் இருக்கலாம், பிரிச்சு சொல்ல வழியில்லாம பண்ணிட்டீங்க. ஈ20 2023 பிப்ரவரில சில பங்க்ல ஆரம்பிச்சு 2025க்குள்ள ஏறக்குறைய எல்லா பங்க்கும் வந்துருச்சு. எத்தனால் லிட்டருக்கு சுமார் 21 மெகாஜூல்தான், பெட்ரோல் 32ன்னு பெங்களூர் கேள்வில சொன்னேன்ல. பழைய வண்டிகளுக்கு, அதாவது ஈ10க்கு (10 சதவீதம் எத்தனால்) செட் பண்ண கார்களுக்கு, 6-7 சதவீதம் மைலேஜ் கொறையலாம்னு நிதி ஆயோக் 2021ல வெளியிட்ட அறிக்கைலயே இருக்கு. 16ல 6 சதவீதம் போனா 15. உங்க மாட் எதுவுமே செய்யாம இருந்தாக்கூட இதே நம்பர்தான் வந்திருக்கும். அதனால வருஷம் தாண்டி ஒப்பிடாதீங்க.

சிஎன்ஜி கிட் போட்டு 26 வருது, பெட்ரோல்ல 17தான். இதுவும் மாட்தானே, மைலேஜ் கூடுச்சே?

26 கிலோவுக்கு, 17 லிட்டருக்கு. ஒரு கிலோ சிஎன்ஜில கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் பெட்ரோல் அளவு சக்தி இருக்கு. 26ஐ 1.5ஆல வகுங்க, 17.3. எஞ்சின் முன்ன எப்படியோ அப்படியேதான் இருக்கு, லாபம் முழுக்க விலையில. அதனால சிஎன்ஜிக்கு மட்டும் கிமீக்கு எத்தன ரூபாய்னு பாருங்க. ஸ்டார்ட் ஆகும்போது எரியிற பெட்ரோலையும் சேத்துக்கணும், அத யாரும் எழுதுறதில்ல. கிட்ட ஆர்சில ஏத்தி இன்சூரன்ஸுக்கும் சொல்லிடுங்க.

பெட்ரோல் பைப்புல மாட்டுற காந்தம், லைட்டர் சாக்கெட்ல சொருகுற ஃபியூல் சேவர்?

அமெரிக்காவோட சுற்றுச்சூழல் அமைப்பு ஈபிஏ இந்த மாதிரி நூத்துக்கும் மேல டெஸ்ட் பண்ணிருச்சு, ஒண்ணு ரெண்டுல பேருக்கு கொஞ்சம், மீதி ஒண்ணுமில்ல. காசுக்கு டயர்ல காத்து அடிங்க.

மேல கேரியர் காலியாத்தான் இருக்கு, அதுவுமா மைலேஜ தின்னும்?

தின்னும், வேகம் கூட கூட அதிகமா. காத்தோட தடை வேகத்தோட வர்க்கத்துல ஏறும், 80ல இருக்குறத விட 100ல ஒன்றரை மடங்குக்கு மேல. மேல பெட்டி வெச்சு டவுன்ல ஓட்டினா 2-8 சதவீதம், மணிக்கு 105-120ல போனா 10-25 சதவீதம் வரைக்கும் போகும்னு டயர் கேள்வில சொன்ன அதே அமெரிக்க அரசு தளம் சொல்லுது. வெறும் கம்பி அந்தளவு இல்ல, ஆனா சும்மாவும் இல்ல. ஒப்பிடும்போது கழட்டி வெச்சுட்டு ஆரம்பிங்க.

எனக்கும் மச்சானுக்கும் ஒரே மாடல், ஒரே வருஷம். அவனுது ஸ்டாக், என்னுது ரீமேப். ரெண்டையும் ஒண்ணா ஓட்டிப் பாத்தா சரியா வருமா?

நல்ல யோசனை, ஆனா பாதிதான். காத்து, டிராஃபிக், வெயில் எல்லாம் ரெண்டு வண்டிக்கும் ஒண்ணா அமையும், அது பெரிய லாபம். லாரிகளுக்கு எஸ்ஏஇ ஜே1321ன்னு ஒரு டெஸ்ட் முறையே இதுமேலதான் நிக்குது, ஒரு வண்டிய எதுவும் மாத்தாம துணைக்கு ஓட்டுவாங்க. ஆனா அவங்க முதல்ல ரெண்டும் ஸ்டாக்கா இருக்கும்போதே ஓட்டி விகிதம் எடுத்துடுவாங்க, அப்புறம் ஒண்ண மாத்திட்டு அந்த விகிதம் எவ்ளோ நகர்ந்துச்சுன்னு பாப்பாங்க. நீங்க அந்த முதல் படிய விட்டுட்டீங்க. மச்சான் கார் ஆரம்பத்துலயே உங்களுத விட ஒரு கிமீ கூட கொடுத்த கார்னா என்ன பண்ணுவீங்க?

இப்பவும் வழி இருக்கு. டியூனர் ஸ்டாக் ஃபைல வெச்சிருப்பார், அத திரும்ப ஏத்தி ரெண்டு காரையும் ஓட்டுங்க, அப்புறம் ரீமேப்ப ஏத்தி ஓட்டுங்க. நடுவழியில டிரைவர் மாறிக்கோங்க, இல்லன்னா ஒப்பிடுறது காரையா மச்சான் காலையான்னு தெரியாது.

ரெண்டாவது கார் இல்ல, ஒரே கார்தான். ஏப்ரல்ல ஸ்டாக்ல எடுத்தேன், டிசம்பர்ல மாட்ல எடுத்தேன். ஒத்துக்கலாமா?

ஏப்ரல்ல ஏசி கம்ப்ரெசர் நிக்காம ஓடுது, டிசம்பர்ல பாதி நேரம் ஆஃப்ல கெடக்கு. ஒத்துக்க முடியாது. ஸ்டாக், மாட், மறுபடி ஸ்டாக்னு அடுத்தடுத்து பாக்கணும். முதல் ஸ்டாக்கும் கடைசி ஸ்டாக்கும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்து, நடுவுல இருக்குற மாட் மட்டும் தள்ளி நின்னா அது மாட்டோட வேலை. 15, 15.6, 16.1ன்னு படிப்படியா ஏறினா வேற ஏதோ மாறிட்டு இருக்கு, பருவமோ ரூட்டோ உங்க காலோ. ரீமேப், டயர், கேரியர் எல்லாத்தையும் திரும்ப மாத்திப் பாக்க முடியும். ஒரே நேரத்துல மூணையும் மாத்தினவங்க மட்டும் எதுனால என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க, என்கிட்ட பதில் இல்ல.

எல்லாம் சரியா பாத்து 3 சதவீதம் கூடுச்சு. ரீமேப் காசு எப்ப திரும்ப வரும்?

மாசம் 1,000 கிமீ, 15 மைலேஜ்னா 67 லிட்டர். அதுல 3 சதவீதம் ரெண்டு லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்னு வெச்சா மாசம் 200 ரூபாய். ரீமேப்புக்கு 25,000 கொடுத்திருந்தா 125 மாசம், பத்து வருஷத்துக்கும் மேல. அதுக்குள்ள கிளட்ச் ஒரு தடவ போனா கணக்கு இன்னும் தள்ளிப்போகும். ஓவர்டேக் பண்ணும்போது வண்டி இழுக்கணும்னு ஆசைப்பட்டு பண்ணீங்கன்னா பண்ணுங்க, அதுக்கு காசு கொடுக்கலாம். மைலேஜுக்காகன்னு வீட்ல சொல்லிட்டு பண்ணீங்கன்னா இந்தப் பக்கத்த அவங்க கண்ல காட்டாதீங்க.